மாமி கண்ட பூனை

அனுஷ்கா மிஸ் என்னைத் தனியாகத்தான் வரச் சொன்னார். நான் ஐந்து பேராகப் போனேன்.

கலா ஓயா ஆறு கடலில் சேரும் இடத்தில் அவர் மீன்பிடிப் பூனைகளைப் பற்றி ஆய்வு செய்கிறார். வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு இருக்கும் காட்டுப் பூனை அது. உப்புச் சேற்றில் வளரும் கண்டல் காட்டிலும், கைவிடப்பட்ட இறால் பண்ணைகளிலும் திரியும். தண்ணீருக்குள் இறங்கி மீன் பிடிக்கும். அந்த ஆய்வில் ஆறு மாதம் தங்கி வேலை செய்ய, தமிழ் தெரிந்த ஒரு விலங்கியல் பட்டதாரி அவருக்குத் தேவைப்பட்டார். நான் விலங்கியல் படித்துவிட்டு ஒன்றரை வருடமாகக் கண்டக்குழியில், வீட்டில் இருக்கிறேன். காலையில், வாப்பா கடற்கரையில் மீன் காயவைக்கும் வாடிக்குத் தேத்தண்ணி ஊற்றி அனுப்புவேன். பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

"ஒரு நாள் வந்து என்னோட நடந்து பாருங்க" என்று அனுஷ்கா மிஸ் போனில் சொன்னார். "காட்டில நீங்க எப்படி எண்டு எனக்குத் தெரியணும். அண்டைக்கே முடிவு சொல்லிப்போடுவன். திங்கட்கிழமை வேலை தொடங்குது. சிலாபத்தில இன்னொரு பிள்ளையும் கேட்டிட்டு இரிக்கிறா."

வாப்பா மறுக்கவில்லை. "நாங்களும் போய்ப் பாப்பம். இடம் நல்லமெண்டா விடுவம்" என்றார்.

நாங்கள் என்றால் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை இருட்டோடு ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வேன் நுஸ்கி நானாவுடையது. டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்குவது என் அண்ணனின் தொழில். பின் ஆசனம் முழுவதையும் உம்மாவின் சோற்றுச் சட்டியும் பொரித்த பாரை மீனும் தண்ணீர்க் கேனும் இரண்டு பாயும் பிடித்துக்கொண்டன. என் பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டேன். வைக்க வேறு இடம் இல்லை.

எத்தாளையில் வாப்பாவின் மூத்த அக்கா, அவர் ராத்தா என்று கூப்பிடும் கமறியா மாமி, ஏற வேண்டியிருந்தது. மாமா மவுத்தான பிறகு அவர் தனியாக இருக்கிறார். எங்கே யார் போனாலும் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அவர் ஆயத்தமாக இல்லை.

"காட்டுக்குப் போக என்னத்த உடுக்கிற எண்டு யோசிச்சுக் கொண்டிருந்தன்" என்றார் மாமி, வேன் கதவைப் பிடித்தபடி. கடைசியில் கல்யாண வீட்டுக்குப் போகும் சேலையைத்தான் உடுத்திருந்தார். "ஏன்டி பஸீஹா, மூஞ்சிய ஏன் இப்புடி வெச்சிரிக்கிற? பூனை பாக்கப் போறவ சிரிச்சுக்கொண்டெல்லே போகணும்."

"நேரம் போகுது மாமி."

"பூனை எங்கயும் போகாது."

பாலாவி தாண்டும்போது விடிந்துவிட்டது. வெயில் ஏறுவதற்கு முன் ஆற்றங்கரையில் நிற்க வேண்டும் என்று அனுஷ்கா மிஸ் சொல்லியிருந்தார். இனி எங்கேயும் நிற்காமல் போனால் ஓரளவுக்குப் போய்ச் சேரலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் உம்மா புத்தளத்தை ஞாபகப்படுத்தினார்.

"ஜுனைதா சாச்சி வீட்டு ஒழுங்கையத் தாண்டித்தானே போகணும்."

சொந்தக்காரர் வீட்டு வாசலைக் கடந்து போகும்போது உள்ளே கால் வைக்காமல் போனால், அந்தக் கதை அடுத்த பெருநாள் வரைக்கும் ஓடும்.

"அவங்க நித்திரையா இரிப்பாங்க உம்மா" என்றேன்.

"எழுப்பினா எழும்புவாதானே" என்றார் மாமி.

எழுப்பினோம். சாச்சி முகம் கழுவி, கோழியைத் துரத்தி, முட்டை எடுத்து, முட்டை அப்பம் சுட்டார். நான் கதிரையின் நுனியில் இருந்தேன். "புள்ளைக்கு இன்னொண்டு போடவா?" என்று சாச்சி கேட்டார். "போடுங்க, அவ சாப்புடுவா" என்றார் உம்மா. அனுஷ்கா மிஸ்ஸிடமிருந்து தகவல் வந்தது: எங்கே நிற்கிறீர்கள்? கிட்ட வந்துவிட்டோம் என்று அனுப்பினேன். அப்பத்தின் நடுவில் மஞ்சள் கரு இன்னும் இறுகவில்லை.

எழுவன்குளம் பாதையில் நீரேரி ஓரமாக வெள்ளையாக ஒரு கூட்டம் நின்றது. நுஸ்கி நானா வேனை நிறுத்தினார்.

"உம்மா, இஞ்ச பாருங்க, ஃபிளமிங்கோ!"

"மாஷா அல்லாஹ்" என்றார் உம்மா.

"அது கொக்கு நானா" என்றேன்.

"வெள்ளக்காரன் அதத்தான் ஃபிளமிங்கோ எண்டு போட்டோ எடுக்கிறான். நீ உன்ட படிப்ப உன்னோட வெச்சுக்கொள்."

எல்லாரும் இறங்கிக் கொக்கைப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். நான் வேனுக்குள்ளேயே இருந்தேன். வெயில் ஏறிவிட்டது.

ஆற்றங்கரையில் அனுஷ்கா மிஸ் தனியாக நின்றார். நாற்பது வயதிருக்கும். ஆண்களின் சேர்ட், முழங்கால் வரை றப்பர் பூட்ஸ். வேனிலிருந்து நாங்கள் ஒவ்வொருவராக இறங்குவதையும், பிறகு சட்டி இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பாதை சரியில்ல மிஸ்" என்றார் வாப்பா.

அனுஷ்கா மிஸ் தலையாட்டினார். என்னைப் பார்த்து, "நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார்.

"கடற்கரைப் புள்ளைதானே மிஸ்" என்றார் வாப்பா.

"பயமில்லையா?"

"அவளுக்கு ஒரு பயமும் இல்ல" என்றார் நுஸ்கி நானா. "பல்லியக் கூட கையால புடிப்பா."

"கூச்சம் மட்டும்தான்" என்றார் உம்மா.

அனுஷ்கா மிஸ் என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது திறக்கவில்லை.

இறால் பண்ணையின் வரம்பு வழியாக நடந்தோம். பண்ணையை விட்டுப்போய்ப் பல வருடமாகியிருக்கும். சதுரம் சதுரமாகக் கிடந்த குளங்களில் கண்டல் முளைத்து மூடிவிட்டிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில், நாங்கள் புலி என்று சொல்லும் சிறுத்தைகள் திரியும் வில்பத்துக் காடு. இக்கரையில் சேறு, நண்டு வளைகள், மூச்சுவேர்கள். கலைக்காமல் நடந்தால் எவ்வளவோ பார்க்கலாம். நாங்கள் வரிசையாகப் போனோம்: அனுஷ்கா மிஸ், நான், எனக்குப் பின்னால் வாப்பா, உம்மா, மாமி, கடைசியில் தலையில் சட்டியோடு நுஸ்கி நானா.

அனுஷ்கா மிஸ் கையை உயர்த்தி நின்றார். ஒரு மீன்கொத்தி தாழ்ந்த கிளையில் இருந்தது. கருஞ்சிவப்பு அலகு, தலை மண்நிறம்.

"என்ன? என்ன கண்டீங்க?" என்று பின்னாலிருந்து மாமி கத்தினார்.

மீன்கொத்தி போய்விட்டது.

"ஒண்டுமில்ல" என்றேன்.

"ஒண்டுமில்லாததுக்கா நிண்டீங்க?"

அதன் பிறகு மாமியின் போன் அடித்தது. மகன் கட்டாரிலிருந்து. "காட்டுக்குள்ள நிக்கிறன் மகன்! ஓம், காடு! கேக்குதா?" எல்லா உயிருக்கும் கேட்டிருக்கும். சேற்றிலிருந்து பொரி உள்ளான் பறவைக் கூட்டம் ஒன்று எழும்பி ஆற்றைத் தாண்டிப் போனது. அனுஷ்கா மிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய முதுகைப் பார்த்தே எனக்கு அழுகை வந்தது. சிலாபத்துப் பிள்ளை தனியாக வருவாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சட்டி இருக்காது.

உம்மாவின் முழங்கால் என்னைக் காப்பாற்றியது. இரண்டாவது குளத்துக்கு அருகில் ஒரு வீரை மரம் நின்றது. அதற்குமேல் நடக்க முடியாது என்று உம்மா அதன் கீழ் இருந்துவிட்டார். நுஸ்கி நானா பாயை விரித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்திட்டு வாங்க" என்றார் வாப்பா. "கூப்புட்டா கேக்குற தூரத்தில நில்லுங்க."

அனுஷ்கா மிஸ்ஸும் நானும் கண்டல் வளைவைத் தாண்டிக் கடைசிக் குளத்துக்குப் போனோம். வரம்பில் குந்தினோம்.

சத்தம் இல்லை. அதாவது, மனிதச் சத்தம் இல்லை. சேறு டிக் டிக் என்று வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு மீன் துள்ளி விழுந்தது. சோளகக் காற்று கண்டல் இலைகளுக்கு மேலாலேயே போய்விட்டது, எங்களிடம் இறங்கவில்லை. எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. என் வீட்டில் இப்படி ஒரு நேரமும் இல்லை. குளிக்கும்போதுகூட யாராவது கதவைத் தட்டுவார்கள்.

"மிஸ்" என்றேன். "எனக்கு நீந்தத் தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றார்.

சற்றுத் தூரத்தில் வரம்பின் மேட்டில் ஓர் எச்சம் காய்ந்து கிடந்தது. போய்க் குனிந்து பார்த்தேன். நசுங்கிய மீன் செதில்கள், சிறிய முள்ளுகள், நடுவில் கொஞ்சம் எலி மயிர். நீர்நாயின் எச்சம் என்றால் நொறுங்கி உதிரும், நாற்றமும் வேறு. இது முறுக்கி இறுகியிருந்தது.

"பூனை" என்றேன். "பழசு. ஆனா இந்த வரம்பாலதான் நடக்குது."

"இந்தக் கரையில நான் இன்னும் ஒண்டக் கண்ணால காணல்ல" என்றார் அனுஷ்கா மிஸ். "மே மாசத்தில இரிந்து வாறன். கமராவில ரெண்டு தரம் வால் மட்டும் விழுந்தது." அவர் என்னைப் பார்த்த விதம் மாறியிருந்தது. ஏதோ சொல்ல வந்தார்.

அப்போதுதான் உம்மா அலறினார்.

ஓடினோம். வீரை மரத்தடியில் சோறு பாயில் சிந்திக் கிடந்தது. உம்மா மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வாப்பாவின் கையில் சட்டி மூடி, கேடயம் மாதிரி. நுஸ்கி நானா போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். மாமி மட்டும் பாயில் இருந்தபடியே எச்சில் கையை விரித்துக்கொண்டு குளத்தைக் காட்டினார்.

"புலி!" என்றார் வாப்பா. "இந்தா, இந்த இடத்தில! புள்ளி புள்ளியா!"

"பூனை" என்றார் மாமி.

"புலி ராத்தா! நான் கண்ணால கண்டன்!"

"நான் அதுக்கு முன்னமே கண்டன்."

நடந்தது இதுதான். மாமியின் வீட்டில் ஐந்து பூனைகள். சாப்பிட்டு முடித்ததும் மீன் தலையையும் முள்ளையும் கொல்லைப்பக்கம் எறிந்து, பூஸ் பூஸ் என்று கூப்பிடாமல் அவர் கை கழுவுவதில்லை. வாயில்லாத உயிருக்குக் கொடுப்பதில் நன்மை இருக்கிறது என்பார். எங்கே சாப்பிட்டாலும் இதுதான் பழக்கம், கல்யாண மண்டபத்திலும்கூட. இங்கேயும் பாரை மீன் தலைகளைக் குளத்தோரம் எறிந்துவிட்டு, பூஸ் பூஸ் என்று கூப்பிட்டிருக்கிறார்.

வந்துவிட்டது.

நுஸ்கி நானா படம் பிடித்ததைக் காட்டினார். முதலில் அவருடைய பெருவிரல். பிறகு வானம். பிறகு உம்மாவின் சத்தத்தோடு கண்டலுக்குள் மறையும் ஒரு பின்பகுதி: குட்டையான வால், சாம்பல் உடம்பில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். பட்டப்பகலில். நான் நாலு வருடம் படித்ததும், மிஸ் மே மாதத்திலிருந்து காத்திருந்ததும், பொரித்த மீனுக்காக மாமியின் முன்னால் வந்து நின்றுவிட்டுப் போயிருந்தது.

அனுஷ்கா மிஸ் சேற்றில் குனிந்து தடத்தைப் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் சின்னப் பிள்ளையின் முகம் போல ஆனது. பிறகு தடத்துக்குப் பக்கத்தில் மீன் தலையைக் கண்டார். அந்த முகம் போய்விட்டது.

"இது யார் போட்டது?"

"நான்தான்" என்றார் மாமி, பெருமையாக.

மிஸ் மீன் தலையைப் பூட்ஸ் காலால் புரட்டினார். மாமியைத் திட்டியிருந்தால் நல்லது. இரை போட்டு வரவழைத்த விலங்கை ஆய்வில் சேர்க்க முடியாது. அதைவிட மோசம், மனிதன் இருக்கிற இடத்தில் மீன் இருக்கும் என்று அது பழகினால், அடுத்ததாக யாரோ ஒருவரின் கோழிக்கூட்டுக்குப் போகும், அங்கே அடித்துக் கொல்லுவார்கள். இதை மாமியிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினேன். மீன் தலைகளையும் முள்ளுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். கண்டல் வேருக்குள் கையை விட்டுத் துழாவினேன். பாவாடை முழங்கால் வரை நனைந்தது.

"ஏய், சேலையில்லாதது நல்லதாப் போச்சு" என்றார் மாமி. "என்னத்துக்குடி அதப் பொறுக்குற? அது வந்து தின்னும்."

"அது வரக்கூடாது மாமி!"

நான் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. மாமி வாயை மூடினார்.

பக்கத்தில் றப்பர் பூட்ஸ் இறங்கியது. அனுஷ்கா மிஸ்ஸும் குனிந்து பொறுக்கத் தொடங்கினார். "திங்கட்கிழமை வாங்க" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "பூட்ஸ் நான் தாறன்."

கரையேறியதும் அதையே வாப்பாவிடமும் சொன்னார். வாப்பா சட்டி மூடியை இன்னும் விடவில்லை.

"கோவிச்சுக்கொள்ளாதீங்க மிஸ். புலி இரிக்கிற இடத்துக்கு நான் புள்ளைய அனுப்பமாட்டன்."

"புலியில்ல வாப்பா" என்றேன். "மீன்பிடிப் பூனை. ஆளுக்கு ஒண்டும் செய்யாது."

"நீ கண்டியா?"

"படத்தில கண்டன்."

"படத்தில குண்டியத்தான் கண்டாய். நாங்க முகத்தக் கண்டோம்."

வாப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தடத்தைக் காட்டினேன். என் உள்ளங்கையை அதன் மேல் விரித்தேன். தடம் முழுவதும் மறைந்து போனது. "இவ்வளவுதான் வாப்பா. புலியெண்டா இதப்போல ரெண்டு மடங்கு."

வாப்பா உற்றுப் பார்த்தார். "அப்ப இது குட்டி" என்றார். "குட்டி இஞ்ச எண்டா தாய் பக்கத்தில எங்கயோ இரிக்கி." சுற்றிலும் பார்த்தார். "நுஸ்கி, சட்டிய எடு. போவம்."

அனுஷ்கா மிஸ் விளக்கம் சொன்னார். படம் காட்டினார். வாப்பா மரியாதையாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே வரம்பில் நடந்தார். நான் பின்னால் போனேன். சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எல்லாம் சரியானவை. ஒன்றும் வேலை செய்யவில்லை.

வேனுக்கு அருகில் வந்ததும் மாமி வாப்பாவைப் பார்த்து நின்றார்.

"ஜவ்பர், அது பூனைதான்."

"ராத்தா, விடுங்க."

"புலியெண்டா பொரிச்ச மீன் தின்ன வருமா? நான் கூப்புட்டன், அது என்னப் பாத்திச்சு. காதை இப்புடி மடிச்சிச்சு. எங்கட சிவத்தப் பூனை பசிக்கு நிக்கிற மாதிரியே நிண்டிச்சு. நீங்க எல்லாரும் கத்தினதாலதான் ஓடிச்சு. பாவம், அதுதான் உன்னக் கண்டு பயந்தது."

வாப்பா யோசித்தார். நான் சொன்னபோது யோசிக்காதவர். தடமும் படிப்பும் பைனாகுலரும் செய்யாததை மாமியின் சிவப்புப் பூனை செய்துகொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி, பூனையெண்டே வெப்பம்" என்றார் வாப்பா. "ஆனா தனிய விடமாட்டன். ஊரில என்ன கதைப்பாங்க?"

"தனிய ஏன்? நான் வாறன்" என்றார் மாமி.

நுஸ்கி நானா சிரித்தார். உம்மாவும் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை.

"என்ன சிரிப்பு? எத்தாளையில சுவரப் பாத்துக்கொண்டுதானே இரிக்கிறன். பூனைகள பக்கத்து வீட்டு நஃபீஸா பாத்துக்கொள்ளுவா. மிஸ், நீங்க தங்குற வீட்டில கட்டில் இரிக்கா?"

"கட்டில் இரிக்கு" என்றார் அனுஷ்கா மிஸ் மெதுவாக. என்னைப் பார்த்தார். "பஸீஹா, உங்களுக்குச் சரியா?"

"அவளுக்கென்ன, சரிதான்" என்றார் வாப்பா.

"நான் சொல்லுறன் வாப்பா."

எல்லாரும் பார்த்தார்கள். கடைசிக் குளத்து வரம்பை நினைத்தேன். அந்தச் சத்தமில்லாத நேரத்தில் இனி மாமியும் இருப்பார், கட்டாரிலிருந்து வரும் போனும் இருக்கும். இல்லையென்றால் வாடிக்குத் தேத்தண்ணியும் நாலாம் வகுப்பு விஞ்ஞானமும். மூன்றாவதாக ஒன்றை யாரும் எனக்குத் தரவில்லை.

"வாறன் மிஸ்" என்றேன். பிறகு மாமியின் பக்கம் திரும்பினேன். "மீன் எறியக் கூடாது. பூஸ் பூஸ் எண்டு கூப்புடக் கூடாது. போனை வீட்டில வெச்சிட்டு வரணும். குளத்தடியில கதைக்கவே கூடாது."

"கதைக்காம எப்புடிடி இரிக்கிற?"

"கதைக்காமத்தான்."

"ஆறு மாசமும்?"

"ஆறு மாசமும்."

மாமி அனுஷ்கா மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"சரி, மெல்லமாக் கதைக்கிறன்" என்றார் மாமி.

வேனில் ஏறி ஜன்னலோரம் இருந்தேன். மாமி என் பக்கத்தில் வந்து இருந்தார்.